மாதாவின் காலில் நான் துடைத்த கறை

முதலில் நடந்தவற்றை வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

1. கடற்கரைச் சிற்றாலயம் ஒன்றிலிருந்து மாதா படம் ஒன்று, பழைய படங்களையும் தாள்களையும் பழுதுபார்க்கும் எங்கள் பேணல் அறைக்கு வந்தது. ஹார்ட்போர்ட் பலகையில் எண்ணெய் வர்ணம். சட்டத்தின் கீழ்ப்பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. திருநாள் கொடியேற்றத்துக்கு முன்பு திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினொரு நாள் அவகாசம்.

2. சட்டத்தைக் கழற்றியபோது, பலகையின் பின்புறத்தில் இரண்டாம் உலக யுத்தகாலச் சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது.

3. நாலு நாள் அந்தச் சுவரொட்டியைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

4. ஐந்தாம் நாள் காலை படத்தின் முன்பக்கத்தைச் சுத்தம் செய்தேன். இடது கீழ் மூலையில், மாதாவின் பாதத்தின் மேல் தடித்த கறை இருந்தது. அதை அகற்ற நாற்பது நிமிடம் சென்றது.

5. ஆறாம் நாள் அந்தக் கறையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வந்தார்.

6. அவரிடம் நான் பொய் சொன்னேன்.

7. ஏழாம் நாள் அந்தக் கறையைத் திரும்ப வரைவதற்கு வர்ணம் குழைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இந்த அறையின் பூட்டும் திறப்பும் புதிதாக வேலைக்கு வரும் உங்கள் இருவரிடமும் வருகின்றன. எந்தத் தாளை எப்படி நனைப்பது, எந்த வர்ணத்துக்கு எந்தக் கரைப்பான் என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வருகிறீர்கள். என்னைவிடப் புதிதாகப் படித்திருக்கிறீர்கள். அதனால் அவற்றை நான் எழுதவில்லை. நான் இந்த மேசையை விட்டு வேறு வேலைக்குப் போகிறேன். ஆறு வருடம் இங்கு இருந்ததில் உங்களுக்குச் சொல்லாமல் போகக்கூடாது என்று நினைக்கும் விடயம் இது ஒன்றுதான். இதில் என் பிழைகள் இருக்கின்றன. அவற்றை மெருகூட்டாமல் எழுத முயல்கிறேன்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த கையோடு, கடற்படைத் தளத்தில் வரைபடம் கீறும் வேலை செய்த ஒருவர் வரைந்தது என்று கோயிலில் சொல்கிறார்கள். பெயர் தெரியாது. மூலையில் இரண்டு எழுத்து மட்டும் உண்டு. அவர் எங்கே, எந்தப் புத்தகத்தில் பார்த்துப் பழகினாரோ, மாதாவின் முகத்தை நாலைந்து தட்டையான துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு நீலத்தில் வைத்திருந்தார். மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், கண் இன்னொரு பக்கம் பார்க்கும். பின்னால் குடா, ஒரு படகு, மலை, எல்லாமே முக்கோணங்கள். கால்கள் மட்டும் உடையவில்லை. சேற்றில் நின்று பழகிய, அகன்ற, விரல்கள் விரிந்த பெரிய கால்கள். கொழும்பில் குளிரூட்டிய கூடங்களில் இருக்கும் அந்தக் காலத்து நவீன ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைத்தாலும் இந்தப் படம் கூனிக் குறுகாது. ஆனால் அது ஓர்ஸ் ஹில் குன்றின் இறக்கத்தில், கடலில் இருந்து ஐம்பது அடி தள்ளி, கண்ணாடி இல்லாமல், உப்புக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுவரொட்டியில், வாயின் மேல் விரல் வைத்த மாலுமி ஒருவன். அவனுக்குப் பின்னால் தீப்பற்றி மூழ்கும் கப்பல். கீழே தமிழில், கப்பல்கள் வருவதையும் போவதையும் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்ற பொருளில் இரண்டு வரி. ஆங்கிலத்தில் இப்படி நிறையக் கிடைக்கும். தமிழில் அச்சிட்டது, அதுவும் நிறம் மங்காமல், எங்களிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஓவியர் தன் கையில் அகப்பட்ட தாளைப் பின்னால் ஒட்டித் தூசி புகாமல் அடைத்திருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் நான் அதை ஒரு போட்டோ எடுத்துக் கொழும்பு அருங்காட்சியகத்துக்கு அனுப்பியதும் தொலைபேசி ஓயவில்லை. யுத்தகாலப் பிரசாரச் சுவரொட்டிகளை வைத்து அவர்கள் ஒரு கண்காட்சி ஒழுங்குசெய்துகொண்டிருந்தார்கள். "அதை முழுசாக் கழற்ற ஏலுமோ? கிழியாமல்?" ஒரே நாளில் மூன்று பேர் கேட்டார்கள்.

ஏலும். கழற்றினேன். கிழியவில்லை. அந்த நாலு நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

முன்பக்கத்தை நான் வழக்கமான வேலையாக எடுத்தேன். எங்கள் நிலை அறிக்கைப் படிவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெடிப்பு, உதிர்வு, பூஞ்சணம், பூச்சி அரிப்பு, அழுக்கு. அழுக்கு என்ற கட்டத்தில் "இடது கீழ் மூலை, கடுமையானது, எண்ணெய்ப் பிசுக்கு, அகற்ற வேண்டும்" என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. நான் மெதடிஸ்த ஆலயத்தில் வளர்ந்தவள். எங்கள் சுவர்களில் படம் இல்லை. படத்தைத் தொடுவார்கள், அதே இடத்தில் வருடக்கணக்காகத் தொடுவார்கள் என்பது எனக்குப் படித்துத் தெரிந்த விடயம். பார்த்துத் தெரிந்தது அல்ல. அந்தக் கறையைப் பார்த்தபோது என் தலையில் கரைப்பான் பெயர்தான் வந்தது. மனிதர்கள் வரவில்லை.

ஆறாம் நாள் காலை பத்து மணியிருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் கோயில் கூட்டுற யசிந்தா. மீன் வித்து முடிஞ்சு நேர வாறன். மாதாவைப் பாக்க வந்தனான்."

"கொடியேற்றத்துக்கு முதல் வந்திடும் அக்கா. கோயில் பாதரிட்டச் சொன்னனான்."

"அது தெரியும். நான் முழுசாப் பாக்க வேணாம். கால்ப் பக்கம் மட்டும் காட்டினாக் காணும்."

"காலில என்ன?"

"என்ர மனிசன்ர பெருவிரல் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் கதிரையில் உட்காராமல், சுவரில் கை ஊன்றி நின்றபடியே சொன்னார்.

"போட்டில போற ஆக்கள் எல்லாரும் மாதாவின்ர காலைத் தொட்டிட்டுத்தான் போறவை. அதே கையால போட்டின்ர முன்பக்க அணியத்தைத் தொடுவினம். பிறகுதான் தள்ளுவினம். அண்டைக்கு எஞ்சின் பழுது. றொபேட் விடியவெள்ளன இருந்து திருத்திப் போட்டு, அந்தக் கிறீஸ் கையோடயே வந்து தொட்டவர். சின்ன விரலுக்குப் பக்கத்தில கறுப்பாப் பதிஞ்சு போச்சு. நான் அப்பதான் எல்லாம் துடைச்சு முடிச்சனான். 'கையைக் கழுவிப் போட்டு வர ஏலாதோ? மாதா என்ன உங்கட எஞ்சினோ?' எண்டு ஏசினனான். 'கத்தாதையப்பா, நானே வந்து துடைச்சு விடுறன்' எண்டு சிரிச்சுக்கொண்டு போனவர்."

"பிறகு?"

"பிறகென்ன. போட் கிடைச்சது. கூடப் போன பொடியன்ர உடம்பைக் கரையில எடுத்தாங்கள். இவரைக் காணேல்ல. ரெண்டு வருசம்."

படம் அடுத்த அறையில், துணி மூடிய தாங்கியில் நின்றது. பதினைந்து அடி இருக்கும். மாதாவின் சின்ன விரல் ஓவியர் வைத்த நாளில் இருந்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

"பலகை வளையாமல் இருக்கப் படம் பாரத்துக்குக் கீழ இருக்கு அக்கா," என்றேன். "நாலு நாளைக்கு எடுக்க ஏலாது."

"ஓ. அப்ப நான் குழப்பேல்ல. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ." பையில் இருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். "சூடை மீன். நல்லதாப் பாத்து எடுத்து வச்சனான். பொரிச்சுச் சாப்பிடுங்கோ."

மேசையில் மீன் வைக்கக் கூடாது என்பது இந்த அறையின் முதல் விதி. அவர் போகும்வரை பொட்டலம் அங்கேயே இருந்தது.

துடைத்தது என் முதல் பிழை. அது தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்து செய்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. நெருக்கடி வரும்போது யோசிக்க நேரம் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வாய் முந்திக்கொள்ளும்.

அன்று மத்தியானம் கொழும்பில் இருக்கும் என் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு இந்தத் தொழிலின் பாதியைக் கற்றுத்தந்தவர் அவர். பெயர் எழுதவில்லை. நல்ல மனிதர். இன்றைக்கும் ஒரு சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"துடைக்கிறதுக்கு முதல் போட்டோ எடுத்தனீரோ?"

"எடுத்தனான். பெரிசாக்கினால் ரேகைகூடத் தெரியுது."

"அப்ப ஏன் அழுறீர்? நீர்வர்ணத்தில போடும். வார்னிஷுக்கு மேலதானே. பிறகு தேவையெண்டால் ஈரப் பஞ்சால எடுக்கலாம். திருப்பி எடுக்க ஏலுமான வேலை. நெறிமுறைக்கு ஒரு பங்கமும் இல்லை."

"அவவுக்குச் சொல்லுறதோ?"

"சொல்லி? அந்த மனுசியின்ர நெஞ்சை உடைச்சுப் போட்டு, உம்மட மனச்சாட்சியைச் சுத்தமாக்கப் போறீரோ? அது ஆருக்குச் செய்யிற உதவி?"

இந்தக் கேள்வியை நீங்கள் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நானும் தள்ளவில்லை. அவர் கள்ளத்தனம் சொல்லித்தரவில்லை. இரக்கம் என்று அவர் நினைத்ததைச் சொன்னார். அன்று இரவு நித்திரை கொள்ளும்போது எனக்கும் அது இரக்கமாகத்தான் பட்டது.

ஏழாம் நாள் கதவைச் சாத்திவிட்டு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வர்ணம் குழைத்தேன். புகைக் கறுப்பு, அதில் ஒரு துளி மண்ணிறம், பழைய கிறீஸின் பச்சைச் சாயலுக்கு இன்னும் ஏதோ. பெரிதாக்கிய போட்டோ எதிரில். முதலில் ஒரு துண்டுத் தாளில் பழகிப் பார்த்தேன். ரேகைகள் நடுவில் சுழித்து, இடது பக்கம் ஒரு வெட்டுக் காயத்தால் அறுபட்டிருந்தன. தூண்டில் நூல் வெட்டிய தழும்பாக இருக்கும். மூன்றாவது தடவை சரியாக வந்தது. மிகச் சரியாக வந்தது. தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தேன். நான் ஒருபோதும் காணாத ஒரு மனிதனின் விரல், என் கையெழுத்தில்.

அந்த இடத்தில்தான் நின்றேன். படம் திரும்பிப் போனதும் யசிந்தாக்கா தினமும் இதைப் பார்ப்பார். இதில் தன் கையைப் படவிடாமல் சுற்றித் துடைப்பார். ஒரு மாரிக்காலக் காலை, கடலுக்குப் போகும் யாரோ ஒருவரின் ஈரக் கை பட்டு இது கரைந்து ஒழுகும். அப்போது அவருக்கு அது என்னவாகத் தோன்றும்? றொபேட் வந்து துடைத்துவிட்டார் என்றா? தூரிகையைக் கீழே வைத்தேன்.

பக்கத்து மேசையில் அந்த மாலுமி வாயில் விரலை வைத்தபடி கிடந்தான். அவனைப் பார்த்து மனம் மாறினேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பீங்கான் ஓட்டைக் கழுவினேன், தாளைக் கிழித்தேன், வீட்டுக்குப் போனேன்.

எட்டாம் நாள் காலை கோயிலுக்கு இறங்கினேன். இரண்டு பெண்கள் கொடித்தோரணத்துக்கு நிறத்தாள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் படம் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு சதுரம்.

"மிஸ், மாதாவின்ர மூக்கை நேராக்கிப் போட்டீங்களோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை, அப்பிடியே இருக்கு."

"அப்பாடா. நேராக்கிப் போடாதேங்கோ. எங்களுக்குக் கோணல் மாதாதான் பழக்கம். நேரான மாதா வந்தா ஆரோ புது மனுசி எண்டு பயந்திடுவம்."

மற்றவர் சிரித்துச் சிரித்துக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் சுவரொட்டியைக் காட்டினேன். கீழே இருந்த வரிகளை வாசித்தேன்.

"கப்பல் போறதைக் கதைக்கக் கூடாதாமோ?" என்றார் முதலாமவர். "எங்கட வீட்டில வேற என்ன கதை இருக்கு? வாயைத் தைச்சுப் போட்டுத்தான் இருக்கோணும்."

"உனக்குத் தைக்கிறதெண்டா நைலோன் நூல் வேணும்."

யசிந்தாக்கா பின்பக்கத்தில் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"அக்கா, முந்தநாள் நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். படம் பாரத்துக்குக் கீழ இருக்கேல்ல. நீங்கள் வாறதுக்கு முதல் நாளே நான் அந்தக் கால்ப் பக்கத்தைத் துடைச்சிட்டன். அழுக்கு எண்டு நினைச்சனான். விரல் அடையாளம் இப்ப இல்லை."

விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. இந்த ஐந்து வசனங்களையும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதிலேயே நின்றேன்.

அவர் விளக்குமாற்றை மதிலில் சாத்தினார். சாய்ந்து விழுந்தது. எடுத்து மறுபடி சாத்தினார்.

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"நாற்பது நிமிசம்."

"ரெண்டு வருசமாத் தூசு தட்டுறன் தங்கச்சி. ஒவ்வொரு நாளும். அந்த இடத்தில மட்டும் சீலை படாமத் தட்டுவன். எனக்குத் துடைக்கத் தெரியாமலோ விட்டனான்? அது அவர் வந்து துடைக்கிறன் எண்டு சொன்ன இடம்."

மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு இப்போது நினைவில்லை. கேட்டிருப்பேன். யசிந்தாக்கா கடலின் பக்கம் பார்த்துவிட்டுத் திடீரென்று திரும்பினார்.

"எதால துடைச்சனீங்கள்?"

"பஞ்சால."

"அந்தப் பஞ்சு எங்க?"

கரைப்பான் நனைந்த பஞ்சை நாங்கள் சாதாரணக் குப்பையில் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரசாயனக் கழிவு வாகனம் மாதம் ஒருமுறைதான் வரும். அதுவரை மூடிய தகர டின்னில் இருக்கும். எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தில் துடைத்த பஞ்சையும் தனித்தனிப் பையில் போட்டு இலக்கம் எழுதிவைப்பேன். என் கூட்டாளிகள் இதைப் பகிடி பண்ணுவார்கள். அறிக்கை எழுதி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவேன். அந்த அறிக்கையை நான் அப்போது எழுதி முடித்திருக்கவில்லை.

ஓட்டோ பிடித்து இருவரும் மேலே வந்தோம். இடது கீழ்க் கட்டத்துப் பையில் ஏழு பஞ்சுக் குச்சிகள். நாலு மண்ணிறக் கபிலம். மூன்று கறுப்பு. பையைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"எஞ்சின் மணமில்ல."

"அது நான் பாவிச்ச மருந்தின்ர மணம்."

"கறுப்பு அவற்ற கையில இருந்ததோ?"

"கறுப்பு கிறீஸ். அந்த இடத்தில வேற கிறீஸ் இருக்கேல்ல. போட்டோவில பாத்தனான்."

அவர் ஒரு குச்சியைக்கூட வெளியே எடுக்கவில்லை. பையின் வாயைத் தானே ஒட்டினார். "இப்ப வேண்டாம். மாதாவோட சேத்துக் கொண்டு வாங்கோ," என்றார்.

அதைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கைதான் வேலை செய்யும், மூளை ஓய்வெடுக்கும். அந்த நாளில்தான் உங்களுக்கு மூளை அதிகம் தேவைப்படும்.

பத்தாம் நாள் பின்னேரம் படத்தைச் சுவரில் ஏற்றினோம். புதிய சட்டம். பின்னால் அமிலமில்லாத அட்டை. முப்பது பேர் இருப்பார்கள். பலர் வந்து காலைத் தொட்டார்கள். சிலர் தொடப்போய் நின்று, "ஏன் வெளிறிப் போச்சு?" என்று கேட்டார்கள். பாதர் விளக்கினார். நானும் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொன்னேன். ஒரு முதியவர், "எங்கட கையெல்லாம் போச்சே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தார். அது யசிந்தாக்காவின் துக்கம் மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பையை அவரிடம் நீட்டினேன். அதற்குள் ஒருவர் குறுக்கே வந்தார். அன்ரன், றொபேட்டின் தம்பி. யசிந்தாக்கா விடயத்தை வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"பாதர், இதைக் கொண்டு அடக்கம் செய்வம்," என்றார் அன்ரன். குரல் உயரவில்லை. "அண்ணன்ர உடம்பெண்டு ஒண்டும் இல்ல. அவற்ற கையில இருந்து வந்தது இதுதான். சின்னப் பெட்டியில வச்சு ஒரு கல்லறை கட்டுவம். அம்மா ஏலாமல் படுக்கையில, உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடுறதுக்கு முதல் மகன்ர கல்லறையில ஒரு மெழுகுதிரி கொளுத்த ஆசைப்படுறா."

"பஞ்சைத் தாட்டுப் போட்டு அவர் செத்திட்டார் எண்டு எழுதப் போறியோ?" என்றார் யசிந்தாக்கா.

"மச்சாள், ரெண்டு வருசம்."

"எண்ணத் தெரியும் எனக்கு."

"அம்மா பாவமில்லையோ?"

"பாவந்தான். நான் இல்லையெண்டேனோ? ஆனா அடக்கம் செய்த மனிசனுக்காகக் காத்துக்கொண்டு இருக்க ஏலாதடா. அதுக்குப் பிறகு நான் என்னத்துக்கு விடிய எழும்புறது?"

பாதர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பை என் கையில் இருந்தது.

"பிள்ளை, உங்கட முறைப்படி இது ஆருடையது?"

எங்கள் முறைப்படி அது யாருடையதும் அல்ல. அது கழிவு. படத்தின் மேற்பரப்பில் இருந்து வந்தது என்று பார்த்தால் கோயிலுடையது, அதாவது பாதர் கையில் கொடுக்க வேண்டும். அவர் கையில் கொடுத்தால், ஒரு நோயாளித் தாயின் விருப்பத்தை அவரால் தட்ட முடியாது. மனைவி கையில் கொடுத்தால் இன்று இரவே வீட்டில் பறிபோகும். மனைவி, தம்பி, தாய் மூன்று பேரும் நியாயமாகத்தான் கேட்டார்கள். அடக்கத்தை இன்னொரு நாளும் செய்யலாம். செய்துவிட்ட அடக்கத்தைத் திருப்பி எடுக்க முடியாது. திருப்பி எடுக்க முடியாத ஒன்றை நான் ஏற்கெனவே இந்தக் குடும்பத்துக்குச் செய்திருந்தேன். நான் கடைசியில் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"அக்கா," என்று அவரிடமே கேட்டேன், "இது எங்க இருக்கோணும்?"

"வீட்டில வச்சா மாமி எடுத்திடுவா. அவவைக் குறை சொல்லேல்ல, பெத்தவ. இஞ்ச வச்சா ஆக்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்திடுவினம்." கொஞ்சம் யோசித்தார். "உங்கட அலுமாரிக்குப் பூட்டு இருக்குத்தானே?"

"இருக்கு."

"அப்ப அங்க இருக்கட்டும்."

பாதரிடம் சொன்னேன்: இதைக் கழிவுப் பட்டியலில் இருந்து எடுத்து ஒரு பொருளாகப் பதிகிறேன். ஒப்படைத்து வைப்பவர் யசிந்தாக்கா. கோயில் சார்பில் நீங்கள் சம்மதக் கையொப்பம் இட வேண்டும். அவர் எழுத்தில் கேட்காமல் யாருக்கும் வெளியே தரமாட்டேன். இதற்கு எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று தெரியாது. மேலிடம் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பாதர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

அன்ரன் வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"பஞ்சுக்கு அலுமாரி இருக்கு மிஸ். என்ர அண்ணனுக்கு ஆறடி நிலமில்ல."

நான் செய்தது சரி என்று உங்களுக்குச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்று பேரின் நியாயம் நின்ற இடத்தில் ஒருவர் பக்கம் சாய்ந்தேன். மற்ற இருவரும் தோற்றார்கள். அதில் ஒருவர் படுக்கையில் இருந்த தாய். தீர்ப்பு என்று ஒன்றைச் செய்தால் அதன் மறுபக்கத்தில் யாரோ நிற்பார்கள். அவர்களின் முகத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

தொழில்ரீதியாக நான் மாற்றியது ஒன்றுதான். நிலை அறிக்கைப் படிவத்தின் தலைப்பில் மூன்று கேள்விகள் சேர்த்தேன். இதை யார் தொடுகிறார்கள்? எந்த இடத்தில்? கடைசியாக யார்? பொருளைக் கொண்டுவருபவரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே எழுத வேண்டும். சில பேர் சிரிப்பார்கள். சீனன்குடாவில் இருந்து பழைய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்த உத்தியோகத்தர், "பூனை தொடுறது, எழுதுங்கோ," என்றார். எழுதினேன். அந்தக் கட்டங்கள் நிரம்பாமல் பஞ்சைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்றைய நிலை இதுதான். படம் கோயிலில் தொங்குகிறது. மாதாவின் காலில் புதிய கறை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்று கோப்பில் குறித்திருக்கிறேன். சுவரொட்டி கொழும்புக் கண்காட்சிக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி, தட்டை இழுப்பறையில் இருக்கிறது. றொபேட்டின் தாய் போன மாரியில் இறந்துவிட்டார். அன்ரன் தன் மச்சாளோடு கதைப்பதில்லை. ஏழு பஞ்சுக் குச்சிகளும் பூட்டிய அலுமாரியின் மூன்றாம் தட்டில், கண்ணாடிப் போத்தலில், யசிந்தாக்காவின் பெயரில் இருக்கின்றன. அவர் சில மாதங்களுக்கு ஒருமுறை மீன் விற்று முடிந்து வருவார். போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையைப் போட்டுக் கொடுங்கள். அவர் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். வெளியே எடுக்கச் சொல்லி அவர் இதுவரை எழுதித் தரவில்லை. றொபேட் இன்னும் திரும்பி வரவில்லை.